பந்து உருண்ட ஊர்கள் – 9: முப்பத்தாறும் அதற்கு அப்பாலும்

போன இதழை டண்டீ நகரத்துச் சணல் ஆலைகளோடு நிறுத்தியிருந்தோம். வங்காளத்துச் சணலைக் கப்பலில் இறக்கி, சாக்காக நெய்து உலகத்துக்கே விற்ற ஊர் அது. அங்கே பிழைப்புத் தேடி வந்த அயர்லாந்துக்காரர்கள் 1879-இல் தொடங்கிய அணி டண்டீ ஹார்ப். 1885 செப்டம்பர் 12, சனிக்கிழமை. ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்றில் அபர்டீன் ரோவர்ஸ் என்ற அணியை ஹார்ப் பிழிந்து எடுத்துவிட்டது. நடுவரின் குறிப்பில் 37 கோல். இல்லை, எங்கள் கணக்கில் 35தான் என்று ஜெயித்த அணியின் செயலாளரே குறைத்துச் சொன்னதாகவும், அதையே பதிவு செய்ததாகவும் ஒரு கதை உண்டு. எதிரியை 35-0 என்று ஜெயித்தவருக்கு நேர்மையாக இருப்பதில் பெரிய சிரமம் இருந்திருக்காது. ஆனால் அந்த இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்ததற்கு ஹார்ப் கொடுத்த விலை அதிகம்.

ஹார்ப் அணியில் டாம் ஓகேன் என்று ஒருவர். அதற்கு முன் பக்கத்து ஊர் ஆர்ப்ரோத்துக்கு ஆடியவர். பழைய தோழர்களைச் சீண்டிப்பார்க்க ஆசைப்பட்டு, எங்கள் சாதனையைப் பார்த்தீர்களா என்று ஆர்ப்ரோத்துக்கு ஒரு தந்தி தட்டினாராம். அங்கிருந்து பதில் தந்தி வந்தது: நாங்கள் 36-0. பதிலுக்குக் கிண்டல் செய்கிறார்கள் என்று ஹார்ப்காரர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். விசாரித்த பிறகுதான் அது நிஜமென்று தெரிந்தது. அதே நாளில், அதே கோப்பையில், ஏறக்குறைய 27 கிலோமீட்டர் தள்ளி ஆர்ப்ரோத் அணி அபர்டீனிலிருந்து வந்த பான் அக்கார்ட் அணியை 36-0 என்று தோற்கடித்திருந்தது. அன்று முதல் வினாடி வினாப் புத்தகங்களில் ஆர்ப்ரோத்துக்கு நிரந்தர இடம். ஹார்ப்பை யாருக்கும் ஞாபகமில்லை. சில ஆண்டுகளில் அந்த அணியே இல்லாமல் போய்விட்டது.

இந்த இதழ் ஆர்ப்ரோத்துக்கு. அந்த 36-ஐத் தாண்டிப் போவதற்காகவே இதை எழுதுகிறேன். ஆனாலும் அதைத் தொடாமல் போக முடியாது.

முதலில் ஊர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆங்கஸ் வட்டாரத்தில், வட கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது ஆர்ப்ரோத். இன்றைக்கும் மக்கள்தொகை இருபத்து மூன்று, இருபத்து நான்காயிரம்தான். வில்லியம் என்ற அரசன் 1178-இல் கட்டத் தொடங்கிய மடாலயம் இடிந்த நிலையில் ஊர் நடுவே நிற்கிறது. ஸ்காட்லாந்து தனி நாடு, அதற்கு இங்கிலாந்து அரசன் எஜமானன் அல்ல என்று போப்பாண்டவருக்கு எழுதிய 1320-ஆம் வருடத்துக் கடிதத்துக்கு இந்த ஊர்ப் பெயர்தான். ஆர்ப்ரோத் பிரகடனம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கரையிலிருந்து 18 கிலோமீட்டர் உள்ளே, கடல் பெருகும்போது முழுகிவிடும் ஒரு பாறை. அதன்மேல் ராபர்ட் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர் கலங்கரை விளக்கம் எழுப்பினார். 1811 பிப்ரவரியில் முதல்முறை விளக்கேற்றினார்கள். கலங்கரை விளக்கத்தில் இருப்பவர்களோடு சைகையால் பேச ஊர்க்கரையில் ஒரு கோபுரம் கட்டினார்கள். விளக்கக் காவலருக்குக் கரையில் குழந்தை பிறந்தால், ஆண் என்றால் கால்சட்டையையும் பெண் என்றால் பாவாடையையும் கோபுரத்துக் கம்பத்தில் ஏற்றிச் சேதி சொன்னார்களாம்.

ஊருக்குள் பாய்மரத் துணி நெய்யும் ஆலைகள் இருந்தன. புல்வெட்டும் இயந்திரம் செய்யும் பட்டறைக்கும் ஊர் பேர்போனது. ஆனால் வாசனை மட்டும் மீனுடையது. வடகிழக்கே ஐந்து கிலோமீட்டரில் ஆக்மித்தி என்ற குப்பம். துறைமுகம் இல்லாத அந்தக் கரையில், காலையிலேயே ஆண்கள் நனைந்துவிடக் கூடாதென்று பெண்கள் அவர்களை முதுகில் சுமந்து படகில் ஏற்றிவிடுவார்கள். 1830-களில் அந்தக் குடும்பங்களில் பல ஆர்ப்ரோத் துறைமுகத்தடிக்குக் குடிபெயர்ந்தன. கூடவே தங்கள் கருவாட்டு வித்தையையும் கொண்டுவந்தன. கருவாடு என்று சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள்; அது புகைமீன். ஹேடக் மீனின் தலையைக் கிள்ளி, குடலெடுத்து, உப்பில் போட்டு, இரண்டிரண்டாக வால்களைச் சேர்த்துக் கட்டிக் கழியில் தொங்கவிடுவார்கள். கீழே பீப்பாய்க்குள் கட்டை நெருப்பு. மேலே நனைத்த சணல் சாக்கு மூடி. ஒரு மணி நேரத்தில் தோல் தாமிரநிறமாகி, சதை இதழ் இதழாகப் பிரியும். இதுதான் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி. 2004-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் செய்தால் மட்டுமே அந்தப் பெயரை வைக்கலாம். பந்தாட்ட நாளில் மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் இந்தப் புகை.

கழகம் பிறந்தது 1878-இல். ஆட்டக்காரர்களுக்கு ரெட் லிக்டீஸ் என்று பட்டப்பெயர். படகுகளைத் துறைமுகத்துக்கு வழிகாட்டிய சிவப்பு விளக்கிலிருந்து வந்தது என்கிறார்கள். சட்டை கருஞ்சிவப்பு. இரண்டு வருடத்தில், ஊர்க் குப்பை கொட்டி வந்த கடற்கரை நிலம் ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. அதுதான் கேஃபீல்ட்.

இனி அந்தச் சனிக்கிழமை.

நல்ல மழை. எண்பது கிலோமீட்டர் பயணம் செய்து வந்த பான் அக்கார்ட்காரர்களில் பலருக்கு ஆட்ட உடுப்புகூடச் சரியாக இல்லை, வேலைக்குப் போகிற கால்சட்டையோடு இறங்கினார்கள் என்று சொல்வார்கள். இவர்கள் உண்மையில் கிரிக்கெட் குழு, ஓரியன் என்ற பெயர்க் குழப்பத்தில் அழைப்பு கைமாறிப் போய்விட்டது என்ற கதையும் நூறு வருடமாகச் சுற்றுகிறது. ஜோடனை நன்றாகத்தான் இருக்கிறது. உறுதியான ஆதாரத்தோடு அதைச் சொன்னவர்கள் இல்லை. கோல் காக்க நின்ற ஆண்ட்ரூ லோர்னி கோல்கீப்பரே அல்ல, நடுக்களத்தில் ஆடுபவர் என்பதும் இதே பட்டியலில் வருகிறது.

இடைவேளையில் 15-0. அதன் பிறகு இன்னும் 21. இரண்டாம் பாதியில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: அன்றைக்குக் கோலுக்கு வலை கிடையாது. லிவர்பூல் பொறியாளர் ஒருவர் வலைக்குக் காப்புரிமை வாங்கியதே 1889-இல்தான். ஒவ்வொரு முறையும் பந்து கம்பங்களுக்கு நடுவே போய் எங்கோ ஓடும். ஒருவர் துரத்திப் போய் எடுத்து வர வேண்டும். அதற்குப் பிறகு நடுக்கோட்டில் வைத்து மறுபடி தொடங்க வேண்டும். தொண்ணூறு நிமிடத்தில் கணிசமான பங்கு பந்தைத் தேடுவதிலேயே போயிருக்கும். நடுவர் டேவிட் ஸ்டார்மான்ட் டண்டீக்காரர். ஏழு கோல்களை அவர் செல்லாது என்று தள்ளினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சேர்த்திருந்தால் 43.

பதினெட்டே வயதான ஜான் பெட்ரி மட்டும் 13 கோல் போட்டார். 2001 ஏப்ரலில் ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வென்றபோது ஆர்ச்சி தாம்ஸன் போட்டதும் சரியாக 13. மறுமுனையில் ஆர்ப்ரோத் கோல்கீப்பர் ஜிம் மில்னுக்கு அன்று பந்தைத் தொடும் வேலையே வரவில்லை. மழைக்குப் பார்வையாளர் ஒருவரிடம் குடை இரவல் வாங்கி அதன் கீழே நின்று வேடிக்கை பார்த்தார் என்கிறது கதை. நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தை வீரத்துக்குச் சான்றாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது அன்றைய கோப்பைப் போட்டி எப்படி நடந்தது என்பதற்குத்தான் சான்று. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். தகுதிச் சுற்று இல்லை. தெற்கே கிளாஸ்கோ பக்கம் பத்து, பதினைந்து வருடமாக ஆட்டம் ஊறிப்போயிருந்தது. வடக்கே அபர்டீனில் அப்போதுதான் பந்து வந்து சேர்ந்திருந்தது. ரயில் பாதை இரண்டையும் இணைத்துவிட்டது, திறமை இணையவில்லை. ஒரே நாளில், ஒரே நகரத்திலிருந்து கிளம்பிய இரண்டு அணிகள் 35-உம் 36-உம் வாங்கித் திரும்பினால், அதிசயம் ஆர்ப்ரோத்திலோ டண்டீயிலோ இல்லை, அபர்டீனில் என்றுதான் நான் படிப்பேன். 2002-இல் மடகாஸ்கரில் நடுவரோடு சண்டை போட்ட அணியொன்று தன் கோலிலேயே பந்தை அடித்து அடித்து 149-0 என்று தோற்றதையும் கின்னஸ் எண்ணிக்கைக்குள் சேர்த்துக்கொண்டது. ஆகவே ஆர்ப்ரோத்தின் சாதனைக்கு இப்போது நியாயமாக ஆடிய ஆட்டங்களில் என்று ஒரு முன்னொட்டுப் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்து ஆர்ப்ரோத் எப்படிப்பட்ட அணி என்று தெரிய வேண்டுமானால் முந்தின சீசனுக்குப் போக வேண்டும். 1884-85 கோப்பையில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கேஃபீல்டுக்கு வந்தது. அன்றே பெரிய பெயர். ஆர்ப்ரோத் 4-3 என்று ஜெயித்தது. தோற்றவர்கள் கிளாஸ்கோவுக்கு அனுப்பிய தந்தியில், யாரோ வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஆட வைத்துத் தோற்கடித்துவிட்டார்கள் என்ற தொனியில் எழுதினார்கள். அதோடு விடவில்லை. நாடாவை எடுத்து மைதானத்தை அளந்தார்கள். அகலம் 50 கெஜம் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஓரடி குறைந்தது. புகார் ஏற்கப்பட்டு ஆட்டம் மறுபடி நடந்தது. இந்த முறை ரேஞ்சர்ஸ் 8-1. நாடா ஜெயித்தது என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். எட்டு கோலுக்கு நாடா பொறுப்பல்ல என்பதும் உண்மைதான். இருந்தாலும் அந்த 4-3, என் கண்ணுக்கு, மறு வருடத்து 36-ஐவிடக் கனமானது. அப்பாவி அணியை அடிப்பது ஒன்று, ரேஞ்சர்ஸை நாடாவைத் தேட வைப்பது இன்னொன்று.

இன்னொரு ஆளையும் சொல்லாமல் அந்தக் காலத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்து லெத்தம் கிராமத்தில் 1866-இல் பிறந்த நெட் டாய்க். கோல்கீப்பர். ஆர்ப்ரோத்துக்கு ஆடிக்கொண்டே 1887-இல் ஸ்காட்லாந்து அணிக்குப் போனவர். இளம் வயதிலேயே தலை வழுக்கை. அதைக் காட்டக் கூச்சப்பட்டுத் தொப்பியைத் தாடைக்குக் கீழே வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஆடுவார். தொப்பி விழுந்தால் பந்தைவிடத் தொப்பியின் பின்னால்தான் முதலில் ஓடுவார் என்று எதிரணிக்காரர்கள் கேலி செய்வதுண்டு. பந்தைக் கையால் குத்தினால் அது நடுக்கோடு வரை போகும் என்பார்கள்.

ஸ்காட்லாந்தில் அப்போது சம்பளத்துக்கு ஆடுவது குற்றம். 1893 வரை அனுமதியில்லை. இங்கிலாந்தில் 1885-லேயே அனுமதித்துவிட்டார்கள். ஆங்கஸ் கரையிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் கை தேர்ந்த ஆட்டக்காரர்கள் தெற்கே நடையைக் கட்டியதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. டாய்க்கும் போனார். 1890-இல் சண்டர்லாண்ட் அவரை எடுத்தது. பதிவு முறையாக முடிவதற்குள் அவசரப்பட்டு வெஸ்ட் பிராம்விச்சுக்கு எதிராக இறக்கிவிட்டார்கள். அதற்காக இரண்டு புள்ளிகள் வெட்டு. இங்கிலாந்து லீக் வரலாற்றில் புள்ளி வெட்டப்பட்ட முதல் அணி என்ற பெயர் சண்டர்லாண்டுக்கு வந்தது ஆர்ப்ரோத்து கோல்கீப்பரால்தான். அந்த நஷ்டத்தை அவர் வட்டியோடு அடைத்தார்: 1892, 1893, 1895, 1902 என்று நான்கு லீக் பட்டங்கள். 1904-இல் லிவர்பூலுக்குப் போனார். 1919-இல், உலகம் முழுவதும் கொள்ளையடித்த அந்த ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனார். தயார் செய்து கொடுத்த ஊருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சின்ன ஊர்க் கழகங்களின் கதை அன்றும் இன்றும் இதுதான்.

இனி அந்த மைதானம். 1921-இல் ஸ்காட்டிஷ் லீக்கின் இரண்டாம் டிவிஷனில் ஆர்ப்ரோத் சேர்ந்தது. சாலையோரமாக நெருக்கிக்கொண்டிருந்த பழைய ஆடுகளத்தைக் கிட்டத்தட்ட 60 கெஜம் நகர்த்தி, புது கேஃபீல்டை 1925-இல் திறந்தார்கள். அகலப் பிரச்சினை தீர்ந்தது. காற்றுப் பிரச்சினை தீரவில்லை. அதைத் தீர்க்க மனிதரால் ஆகாது.

ஆடுகளத்தின் ஓரத்திலிருந்து கடல் பெருகி வந்து தொடும் இடத்துக்கு ஐந்து மீட்டர்தான் இருக்கும். நடுவில் ஒரு சுவர். ஐரோப்பாவில் கடலுக்கு இவ்வளவு அருகே வேறு லீக் மைதானம் இல்லை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மறுத்துப் பேச நான் ஆளில்லை. கடல் குமுறும் நாளில் அலை சுவரைத் தாண்டி நுரையை உள்ளே எறியும். பார்வையாளர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நின்று ஆட்டம் பார்ப்பார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் இரு தரப்பு ரசிகர்களையும் பிரிப்பதில்லை. இடைவேளையில் அணிகள் முனை மாற்றும்போது கூட்டமும் எழுந்து, கையில் பையோடு மறு முனைக்கு நடக்கும், தங்கள் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் நிற்க.

காற்றுக்கு ஆடுவது என்றால் என்ன? கோல்கீப்பர் கோல் கிக் அடிக்கிறார். பந்து உயர எழும்புகிறது. நடுக்கோட்டை நோக்கிப் போனது பாதியில் நின்று, யோசித்து, அவர் தலைக்கே திரும்பி வருகிறது. விதிப்படி தன் கோல் கிக் யாரையும் தொடாமல் தன் கோலுக்குள்ளேயே விழுந்தால் கோல் கிடையாது, எதிரணிக்குக் கார்னர். வேறு ஊர்களில் அந்த விதியைப் புத்தகத்தோடு விட்டுவிடலாம். இங்கே அது தெரிந்திருப்பது நல்லது. ஃப்ரீ கிக்குக்கு வைத்த பந்து அசையாமல் நிற்காது. உயரப் பந்தில் பிழைக்கிற அணி இங்கே பரிதவிக்கும். தரையோடு தரையாகப் பந்தைத் தட்டி, காற்று கூட இருக்கும் பாதியில் கோல் சேர்த்து, எதிர்த்திருக்கும் பாதியில் பந்தைக் கையில் வைத்திருப்பதுபோல் காலில் வைத்திருக்கத் தெரிந்தவர்கள்தான் தேறுவார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பழக்கத்தில் வருகிறது. வெளியூர் அணிகளுக்கு டாஸில் தோற்பதே பாதித் தோல்வி.

அடுத்த அறுபது வருடங்களை வேகமாகக் கடக்கலாம், ஏனென்றால் அவர்களே ஏறுவதும் இறங்குவதுமாக அதை அப்படித்தான் கடந்தார்கள். 1935-இல் முதல் டிவிஷனுக்கு ஏறி, போர் வரும்வரை தாக்குப்பிடித்தார்கள். 1947-இல் கோப்பை அரையிறுதி வரை போய், அபர்டீனிடம் 2-0 என்று தோற்றார்கள். அறுபது வருடம் முன்பு தங்கள் ஊரில் வந்து 36 வாங்கிக்கொண்டு போன நகரத்திலிருந்து வந்த அணி! 1952 பிப்ரவரி 23-இல் ரேஞ்சர்ஸ் கோப்பை ஆட்டத்துக்கு வந்தபோது கேஃபீல்டில் 13,510 பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஊரில் பாதிக்கு மேல். அந்த எண்ணிக்கை திரும்ப வரவேயில்லை, இனி வரவும் வராது. இன்றைய அனுமதி ஆறாயிரத்துச் சொச்சம். 1959-இல் ஏறினார்கள், மறுவருடமே கீழே. 1968-இல் ஏறினார்கள், மறுவருடமே கீழே.

1962-இல் வந்து 1980 வரை, பதினெட்டு வருடம் மேலாளராக இருந்தவர் ஆல்பர்ட் ஹெண்டர்சன். 1968-இல் ஏற்றியவரும் அவர்தான், 1972-இல் மறுபடி ஏற்றியவரும் அவர்தான். இந்த முறை ஒரே வருடத்தில் விழவில்லை. மூன்று சீசன் மேல் தட்டில் நின்றார்கள். 1974 பிப்ரவரி 2-இல் கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள். தொண்ணூறு வருடம் முன் 4-3 என்று வென்று நாடாவில் இழந்த கணக்கு. இந்த முறை அளக்க மைதானம் ரேஞ்சர்ஸுடையது.

1975-இல் லீக்கைத் திருத்தி அமைத்தபோது ஆர்ப்ரோத் கீழே தள்ளப்பட்டது. பிறகு வந்தது நீண்ட தூக்கம். ஸ்காட்லாந்தின் பெயர்பெற்ற தடுப்பாட்டக்காரர் டேனி மெக்ரெய்ன் 1992-இல் மேலாளராக வந்தபோது, அவர் தாடியை முன்னிட்டு ரசிகர்கள் தாங்கள் மெக்ரெய்னின் தாடிப்படை என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் ஒரு ரசிகர் பத்திரிகையும் வந்தது. அணி தாடியளவுக்கு வளரவில்லை. 133 வயதான கழகத்தின் அலமாரியில் தேசிய லீக் பட்டம் என்று ஒன்று வந்தது 2011-இல்தான்; அதுவும் நான்காம் தட்டுப் பட்டம்.

2016 மார்ச்சில் டிக் கேம்பெல் வந்தார். அறுபதைத் தாண்டியவர், தட்டைத் தொப்பி, உரத்த குரல், உதவியாளர் இரட்டைச் சகோதரர் இயன். அணி அப்போது நான்காம் தட்டில் அடியில் கிடந்தது. 2017-இல் அதே தட்டில் சாம்பியன். 2019-இல் மூன்றாம் தட்டில் சாம்பியன். 2019-20 முதல் ஸ்காட்லாந்தின் இரண்டாம் தட்டில்.

அந்த அணியின் விசேஷம் ஒன்று உண்டு. எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். மற்ற நாள் அவரவர் பிழைப்பு. 2019-இல் மூன்றாம் தட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பாபி லின் டண்டீயில் குப்பை வண்டியில் வேலை செய்தார். விடிகாலையில் குப்பைத்தொட்டிகளை வண்டியில் ஏற்றுகிறவர் சாயங்காலம் விங்கில் பந்தோடு பறப்பார். முழுநேரச் சம்பள அணிகள் காலையில் புல்வெளியில் பயிற்சி, பிற்பகல் ஓய்வு, மருத்துவர், உணவு நிபுணர் என்று நாளை நகர்த்துவார்கள். அவர்களோடு சரிசமமாக நிற்கவே முடியாது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். 2021-22 சீசன் வரை.

அந்த சீசனில் எதிரிகள் யார் என்று பார்க்க வேண்டும். மேலே இருந்து விழுந்து திரும்பத் துடித்த கில்மார்நாக். ஐரோப்பியப் போட்டிகளில் பெயர் போட்ட டண்ஃபர்ம்லின். கிளாஸ்கோவின் பார்ட்டிக் திஸ்ல். இவர்களுக்கு நடுவே ஆர்ப்ரோத் மாதக்கணக்கில் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. டிசம்பர் போயிற்று, பிப்ரவரி போயிற்று, இன்னும் அங்கேயே. நடுக்களத்திலிருந்து மைக்கேல் மெக்கென்னா கோல் மேல் கோல் சேர்த்தார். லண்டன் பத்திரிகைகள் மீன்பிடி ஊரைத் தேடிக்கொண்டு வந்தன. பிரதான லீக்குக்குப் பகுதிநேர அணி ஒன்று ஏறிவிடுமா என்ற கேள்வியை விளையாட்டுப் பக்கம் படிக்காதவர்களும் கேட்டார்கள்.

2022 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை இரவு கில்மார்நாக்கில் அந்தக் கேள்விக்கு விடை வந்தது. ஆர்ப்ரோத்துதான் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியின் பின்பகுதிவரை அந்த முன்னிலை இருந்தது. பிறகு கில்மார்நாக் சமன் செய்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிளேர் ஆல்ஸ்டன் அடித்த பந்து உள்ளே போனது. 2-1. பட்டம் அவர்களுக்கு. சீசன் முடிவில் கில்மார்நாக் 67 புள்ளி, ஆர்ப்ரோத் 65.

இரண்டாம் இடத்துக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது: பிளே ஆஃப். இன்வெர்னஸ் அணியோடு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் 0-0. கேஃபீல்டில் நடந்த இரண்டாவதில் இன்வெர்னஸ்காரர்கள் இருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஒன்பது பேராகத் தாக்குப்பிடித்தார்கள். கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை. பதினொரு பேர் ஒன்பது பேருக்கு எதிராக, சொந்த மண்ணில், சொந்தக் காற்றில், ஒரு கோல் போட முடியவில்லை. பெனால்டியில் 5-3 என்று இன்வெர்னஸ் போய்விட்டது. 36 கோல் போட்ட ஊருக்கு அன்று தேவைப்பட்டது ஒன்றே ஒன்று.

ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. ஏறியிருந்தால் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் வருடத்துக்கு இரண்டு முறை அந்தச் சுவரோரம் வந்து ஆடியிருக்கும், கழகத்துக்குப் பத்து வருடத்துக்கான காசு என்பது ஒரு கட்சி. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வா என்று குடும்பஸ்தனைக் கூப்பிட்டு, மறுவருடம் கீழே விழுந்ததும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பது மறு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சியின் பேச்சில்தான் கணக்கு தெரிகிறது. 1890-இல் டாய்க்கைக் கொண்டுபோன அதே இழுவை, 2022-க்குப் பின்னும் வேலை செய்தது. பட்டியலில் மேலே இருந்த அணியில் ஆளெடுக்க எல்லோருக்கும் ஆசை. பகுதிநேரக் கழகத்தால் சம்பளத்தில் போட்டி போட முடியாது. அடுத்த வருடம் தட்டுத்தடுமாறித் தப்பித்தார்கள். 2023 நவம்பரில் கேம்பெல் விலகினார். ஏழரை வருடம். 2024 வசந்தத்தில் அணி கடைசி இடத்தில் முடித்து மூன்றாம் தட்டுக்கு இறங்கியது.

இறங்கியவர்கள் எழுந்திருக்கப் பல வருடம் பிடிக்கும் என்பது ஆர்ப்ரோத்தின் பழைய வரலாறு. இந்த முறை அது பொய்யாயிற்று. 2024-25 சீசனின் நடுவே மேலாளர் மாறினார். வெளியிலிருந்து ஆள் தேடாமல் அணியிலேயே ஆடிக்கொண்டிருந்த கோலின் ஹாமில்டன், டேவிட் கோல்ட் இருவர் கையிலும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆட்டக்காரரே மேலாளர், அதுவும் இரண்டு பேர் என்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்கள் இருந்தார்கள். சீசன் முடிந்தபோது ஆர்ப்ரோத் மூன்றாம் தட்டின் சாம்பியன். ஒரே வருடத்தில் திரும்பவும் இரண்டாம் தட்டு. 2011, 2017, 2019, 2025 என்று நான்கு பட்டங்கள்; நான்கும் இந்தப் பதினைந்து வருடத்துக்குள்.

கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் 24 கிலோமீட்டர் போனால் ஃபார்ஃபர். ஆர்ப்ரோத் 36 கோல் போட்ட அதே 1885-இல் அங்கே ஒரு கழகம் பிறந்தது. கால்நடைச் சந்தைக்குப் பக்கத்தில் மைதானம், அலைக்குப் பதில் மாட்டுக் குரல். அடுத்த இதழில் அங்கே போவோம்.

(தொடரும்)